நாலு சீட்டு, ஒரே பெட்டி: உள்ளாட்சித் தேர்தல் கேள்வி–பதில்

உள்ளாட்சித் தேர்தல் பேச்சு எழுந்தாலே வாசகர் கடிதங்களில் பாதி ‘பெயர் இல்லை’ என்ற புகாராக வருகிறது. மீதியில் பெரும்பகுதி ‘செல்லாத ஓட்டு’. அதனால் இந்த முறை அந்த இரண்டுக்கும் கூடுதல் இடம். பதில்கள் எல்லாம் தமிழ்நாட்டுக்கு மட்டும்.

கே: என்னிடம் வாக்காளர் அட்டை இருக்கிறது. எம்.எல்.ஏ. தேர்தலில் ஓட்டுப் போட்டேன். அதே பள்ளிக்கூடத்தில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் ‘உங்கள் பெயர் இல்லை’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இது எப்படி நடக்கும்?
– ஆர்.வி., விழுப்புரம் மாவட்டம்

ப: அட்டை நீங்கள் யார் என்பதைத்தான் காட்டும். ஓட்டு உண்டா இல்லையா என்பது பட்டியலில் இருக்கிறது. உள்ளாட்சித் தேர்தலுக்கென்று தனியாக யாரும் வீடு வீடாக வந்து பெயர் எழுதுவதில்லை. சட்டமன்றத் தொகுதிக்கான பட்டியலை மாநிலத் தேர்தல் ஆணையம் எடுத்து, அதிலுள்ள பெயர்களை வார்டுவாரியாகப் பிரித்து அடுக்குகிறது. பிழை புகுவது இந்த அடுக்கலில்தான்.

சட்டமன்றப் பட்டியல் ‘பாகம்’ கணக்கில், அதாவது ஒரு வாக்குச்சாவடிக்கு ஒரு பகுதி என்று, ஓடும். வார்டு எல்லை அந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது. சில ஊர்களில் ஒரே தெருவின் கிழக்குச் சிறகு ஒரு வார்டு, மேற்குச் சிறகு இன்னொரு வார்டு. கதவு எண் பழையதும் புதியதுமாகக் கலந்து கிடந்தாலோ, ஊருக்கு வெளியே புதிதாக முளைத்த நகருக்குத் தெருப் பெயரே பதிவாகாமல் இருந்தாலோ, அங்குள்ள குடும்பங்கள் பக்கத்து வார்டுக்குப் போய்விடும். கணவர் பெயர் 3-ஆவது வார்டிலும் மனைவி பெயர் 4-ஆவது வார்டிலும் இருப்பதற்கு இதுதான் காரணம். உங்கள் பெயரும் வேறொரு வார்டுப் பட்டியலில் உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம். வாக்குச்சாவடியில் இருப்பவர் கையில் அந்தச் சாவடிக்குரிய பட்டியல் மட்டும்தான் இருக்கும். மற்ற வார்டில் தேடிச் சொல்ல அவரால் முடியாது.

சரிசெய்வதற்கு முன் உங்கள் சிக்கல் எந்த வகை என்று பாருங்கள். சட்டமன்றப் பட்டியலிலேயே பெயர் இல்லையென்றால், முதல் முறை சேர்ப்பவர்களுக்குப் படிவம் 6, வீடு மாறியவர்களுக்குப் படிவம் 8. இதை இணையத்திலும் போடலாம், உங்கள் பகுதி வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமும் (பி.எல்.ஓ.) கொடுக்கலாம். அங்கே பெயர் ஏறாமல் வார்டுப் பட்டியலில் மட்டும் ஏற்றச் சொல்லிக் கேட்டால் நடக்காது. சட்டமன்றப் பட்டியலில் பெயர் இருந்து, வார்டுப் பட்டியலில் விட்டுப்போயிருந்தாலோ இடம் மாறியிருந்தாலோ, கிராம ஊராட்சி என்றால் வட்டார வளர்ச்சி அலுவலரிடமும், பேரூராட்சி என்றால் செயல் அலுவலரிடமும், நகராட்சி, மாநகராட்சி என்றால் ஆணையரிடமும் மனுக் கொடுக்க வேண்டும். மனுவோடு சட்டமன்றப் பட்டியலில் உங்கள் பெயருள்ள பக்கத்தின் நகலை, பாக எண்ணும் வரிசை எண்ணும் தெரியும்படி, இணையுங்கள். இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களின் பெயர் எந்த வார்டில் வந்திருக்கிறது என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள். எல்லை பார்த்து முடிவெடுக்க வேண்டியவருக்கு அந்த ஒரு வரி வேலையைப் பாதியாகக் குறைக்கும்.

தேர்தல் அறிவிக்கட்டும், அப்புறம் பார்ப்போம் என்று இருந்தால் நாள் போதாது. 2022 நகர்ப்புறத் தேர்தலில் ஜனவரி 26 அன்று அறிவிப்பு வந்தது, பிப்ரவரி 4 மனுத்தாக்கலின் கடைசி நாள். நடுவில் பத்து நாள்கூட இல்லை. வரைவு வார்டுப் பட்டியலை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டும்போதே போய்ப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. 2025 இறுதியில் நடந்த சட்டமன்ற வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில், டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலிலிருந்து ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் விடுபட்டன. அந்தப் பட்டியல் தாய். வார்டுப் பட்டியல் அதன் பிள்ளை. போன தடவை ஓட்டுப் போட்டேனே என்பதை நம்பி இருக்காதீர்கள்.

கே: கிராமத்தில் நாலு ஓட்டு என்கிறார்கள். நகரத்தில் இருக்கும் என் தம்பிக்கு ஒரே ஓட்டு. ஏன் இந்த வித்தியாசம்? எது யாருக்கு என்று ஒரு தடவை விளக்குங்கள்.
– எம்.எஸ்., தர்மபுரி மாவட்டம்

ப: ஊரகத்தில் மூன்று அடுக்கு. கிராம ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சி. அடுக்கு மூன்றுதான் என்றாலும், கிராம ஊராட்சியில் வார்டு உறுப்பினருக்கு ஒன்று, தலைவருக்கு ஒன்று என இரண்டு ஓட்டு. அதனால் மொத்தம் நான்கு.

சீட்டை நிறத்தை வைத்துப் பிரித்துக்கொள்ளலாம். 2019 ஊரகத் தேர்தலில் ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை. ஒரே சாவடியில் இரண்டு வார்டுக்காரர்கள் ஓட்டுப் போடுவதாக இருந்தால் ஒரு வார்டுக்கு வெள்ளை, மற்றதற்கு இளநீலம். பக்கத்தில் நிற்பவர் கையில் நீலச் சீட்டும் உங்கள் கையில் வெள்ளையும் இருந்தால் பதற வேண்டியதில்லை. ஆனால் உங்கள் வீட்டிலேயே இருவருக்கு இரு நிறம் வந்தால், மேலே முதல் பதிலில் சொன்ன கோளாறு உங்கள் வீட்டிலும் இருக்கிறது என்று அர்த்தம்.

வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சி கிடையாது. பூட்டு சாவி, ஆட்டோ மாதிரி பொதுச் சின்னங்கள்தான். ‘இவர் அந்தக் கட்சிக்காரர்’ என்று ஊருக்கே தெரியும், அது வேறு கதை. சீட்டில் கட்சிச் சின்னம் இருக்காது. ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் சீட்டில் கட்சிச் சின்னங்கள் வரும். உதயசூரியனையோ இரட்டை இலையையோ எல்லாச் சீட்டிலும் தேடி, காணோம் என்று திகைத்து, எதிலாவது குத்திவிட்டு வருபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வீட்டை விட்டுக் கிளம்பும்போதே தலைவருக்கு எந்தச் சின்னம், வார்டுக்கு எந்தச் சின்னம் என்று மனத்தில் பதித்துக்கொண்டு போங்கள்.

ஒன்றியக் குழுத் தலைவரையும் மாவட்ட ஊராட்சித் தலைவரையும் நீங்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுப்பார்கள். நகரத்தில் இந்த அடுக்குகளே இல்லை. உங்கள் தம்பி தன் வார்டுக் கவுன்சிலருக்கு ஓட்டுப் போடுகிறார், அவ்வளவுதான். மேயரையோ நகராட்சித் தலைவரையோ கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். 1996, 2001, 2011 தேர்தல்களில் மக்களே மேயரை நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2006-இலும் 2022-இலும் மறைமுகத் தேர்தல். அரசு மாறும்போது இந்த விதியும் மாறுவது தமிழ்நாட்டில் வழக்கமாகிவிட்டது. அடுத்த முறை எது என்பதை அந்த நேரத்துச் சட்டத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் ஊராட்சியைப் பக்கத்து மாநகராட்சியோடு சேர்த்தால் உங்கள் நான்கு ஓட்டும் ஒன்றாகிவிடும். இணைப்புப் பேச்சு வந்தால் வீட்டுவரி எவ்வளவு ஏறும், நூறு நாள் வேலை என்னாகும் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கே: போன தேர்தலில் எங்கள் வார்டில் 4 ஓட்டில் ஒருவர் தோற்றார். செல்லாத ஓட்டு மட்டும் 19. படித்தவர்கள் இருக்கிற ஊர்தான். ஓட்டு எப்படிச் செல்லாமல் போகிறது?
– கே.பி., தேனி மாவட்டம்

ப: இயந்திரத்தில் பொத்தானை அமுக்கிப் பழகிய கை, வாக்குச்சீட்டில்தான் தடுமாறுகிறது. 2019, 2021 ஊரகத் தேர்தல்கள் வாக்குச்சீட்டில்தான் நடந்தன. நாலு சீட்டையும் வாங்கிக்கொண்டு மறைவிடத்துக்குப் போய், நாலையும் குத்தி, மடித்து, ஒரே பெட்டியில் போட வேண்டும். பின்னால் வரிசை நிற்கிறது என்ற அவசரம் வேறு.

முதலில், சீட்டை வாங்கியதும் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வாக்குச்சாவடியின் அடையாள முத்திரையும் தலைமை அலுவலர் கையெழுத்தும் இருக்க வேண்டும். இல்லையென்றால் அங்கேயே கேளுங்கள். ஒரு கட்டுச் சீட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வரும்போது இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு ஒன்று தப்பிவிடுவது உண்டு. அந்தச் சீட்டு எண்ணிக்கை மேசையில் தகராறுக்குப் போகும்.

மறைவிடத்தில் ஊழியர்கள் ‘ஸ்வஸ்திக் முத்திரை’ என்று சொல்லும், அம்புக்குறிகள் குறுக்கே வெட்டிய ரப்பர் முத்திரை ஒன்று, மைப்பெட்டியோடு இருக்கும். அதை மட்டும்தான் பயன்படுத்த வேண்டும். சட்டைப்பையில் இருக்கிற பேனாவால் டிக் அடித்தால் செல்லாது. கைநாட்டு வைத்தால் செல்லாது. அதற்கான மைப்பெட்டி பக்கத்தில்தான் இருந்தது என்பதெல்லாம் எடுபடாது. பிடித்தவர் பெயரை எழுதுவது, கையெழுத்துப் போடுவது, ‘வாழ்க’ என்று எழுதுவது, எதுவுமே ஓட்டுப் போட்டவரை அடையாளம் காட்டும் என்பதால் சீட்டு கழியும். இரண்டு பேருக்குக் குத்தினாலும் கழியும். இருவர் கட்டங்களுக்கு நடுவிலுள்ள கோட்டின் மேல், பாதி இங்கே பாதி அங்கே என்று விழுந்தால் யாருக்கு என்று சொல்ல முடியாமல் கழியும். முத்திரையைச் சின்னத்தின் மேல், கட்டத்தின் நடுவில், ஒரே தடவை அழுத்தி எடுங்கள். மை மங்கலாக விழுந்தாலோ, அதே வேட்பாளருக்கே இரண்டு முறை குத்திவிட்டாலோ பயப்பட வேண்டாம். யாருக்கு என்பது தெளிவாக இருந்தால் அந்தக் காரணத்துக்காக மட்டும் சீட்டைத் தள்ள மாட்டார்கள்.

பெரும்பாலானோர் கவனிக்காதது மடிப்பு. சின்னங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. ஈர மையோடு சீட்டை மேலிருந்து கீழாக மடித்தால், மேலே குத்திய மை கீழே இருக்கிறவரின் கட்டத்தில் போய் ஒட்டும். அதனால் முதலில் இடமிருந்து வலமாக, நீளவாக்கில் மடியுங்கள். அப்போது மை அதே வேட்பாளரின் வரிசைக்குள்ளேயே படியும். பிறகு குறுக்கே மடித்துப் பெட்டியில் போடுங்கள். ஒட்டிய மையைக் கண்ணாடியில் பார்த்தது போலத் திரும்பி விழுந்திருப்பதை வைத்து எண்ணுபவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது உண்மைதான். ஆனால் 4 ஓட்டு வித்தியாசத்தில் வேட்பாளர்களின் முகவர்கள் இரு பக்கமும் மேசையில் சாய்ந்து நிற்கும்போது, உங்கள் சீட்டைப் பற்றி ஒரு வாக்குவாதம் எதற்கு?

தவறாகக் குத்திவிட்டால் பெட்டியில் போடாதீர்கள். தலைமை அலுவலரிடம் சீட்டைத் திருப்பிக் கொடுத்து வேறு சீட்டுக் கேட்கலாம். பழையதை ரத்து என்று எழுதித் தனியே வைப்பார். பெட்டிக்குள் போன பிறகு யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

ஒரு சீட்டு செல்லாமல் போனால் மற்ற மூன்றும் கெடாது. ஒவ்வொன்றும் தனித்தனிக் கணக்கு.

கே: எண்ணிக்கை ஏன் விடிய விடிய நடக்கிறது?
– ஜே., கரூர்

ப: ஒரே பெட்டியில் நாலு நிறமும் கலந்து கிடப்பதால். பெட்டியைக் கொட்டி, முதலில் நிறவாரியாகப் பிரித்து, 50 சீட்டுக்கு ஒரு கட்டாகக் கட்டி, அதன் பிறகுதான் யாருக்கு எத்தனை என்ற எண்ணிக்கையே தொடங்கும். 2020 ஜனவரி 2 காலையில் தொடங்கிய எண்ணிக்கை பல ஒன்றியங்களில் மறுநாளும் ஓடியது. வார்டு உறுப்பினர் முடிவு முதலில் வந்துவிடும். மாவட்டக் கவுன்சிலர் முடிவுக்குப் பல ஊராட்சிகளின் பெட்டிகள் திறந்து முடிய வேண்டும். ஒன்றிய வார்டு சராசரியாக 5,000 மக்கள்தொகைக்கு ஒன்று, மாவட்ட ஊராட்சி வார்டு 50,000-க்கு ஒன்று என்பதை வைத்து நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

கே: எங்கள் ஊரில் தலைவர் பதவியை ஏலம் விடப் பேசுகிறார்கள். கோயில் திருப்பணிக்குப் பணம் வரும், சண்டை இருக்காது என்கிறார்கள். இது சட்டப்படி தப்பா? ஊரே சேர்ந்து போட்டியின்றித் தேர்ந்தெடுப்பதும் இதுவும் ஒன்றுதானே?
– பெயர் வேண்டாம், சிவகங்கை மாவட்டம்

ப: ஒன்றில்லை. போட்டியின்றித் தேர்வாவது சட்டத்துக்கு உட்பட்டது. ஒருவர் மட்டும் மனுத்தாக்கல் செய்தாலோ, மற்றவர்கள் வாபஸ் வாங்கினாலோ, தேர்தல் நடத்தும் அலுவலர் அவரைத் தேர்வானவராக அறிவிப்பார். 2019 ஊரகத் தேர்தலில் அப்படி 18,570 பேர் போட்டியில்லாமல் வந்தார்கள். அதில் 18,137 பேர் வார்டு உறுப்பினர்கள், 410 பேர் ஊராட்சித் தலைவர்கள். சின்ன வார்டுகளில் நிற்கவே ஆள் கிடைப்பதில்லை என்பதும் இதில் அடக்கம்.

பணம் கொடுத்து மற்றவர்களை நிற்காமல் செய்வது லஞ்சம். பணம் தனி ஆளுக்குப் போகிறதா, கோயில் உண்டியலுக்குப் போகிறதா என்பதால் அது மாறாது. ஒருவரை வேட்பாளராக நிற்காமல் இருக்கவோ வாபஸ் வாங்கவோ தூண்டுவதற்குப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 170-ஆவது பிரிவில் வருகிறது. தண்டனை 173-ஆவது பிரிவில், ஓராண்டு வரை சிறை. 2019-இல் இதற்கென்றே மாநிலத் தேர்தல் ஆணையம் எச்சரிக்கை விடுத்தது. ஏலத்தில் தோற்றவர் செல்போனில் எடுத்த வீடியோதான் பெரும்பாலும் முதல் சாட்சி. புகாரை ஆட்சியருக்கு எழுத்தில் கொடுங்கள். அவர்தான் மாவட்டத் தேர்தல் அலுவலர்.

ஏலத்தில் எடுத்தவர் அந்தப் பணத்தை எங்கிருந்து திருப்பி எடுப்பார் என்ற கேள்வியை ஊர்க்கூட்டத்தில் யாராவது ஒருவர் எழுந்து கேட்டுவிட்டால் பாதிப் பேச்சு அடங்கிவிடும்.

கே: எங்கள் ஊராட்சி பெண்களுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். எத்தனை வருஷத்துக்கு? ‘பொது’ என்றால் எல்லாச் சாதி ஆண்களுக்கு மட்டுமா?
– டி.என்., புதுக்கோட்டை மாவட்டம்

ப: பொது என்றால் பொது. பெண்ணும் நிற்கலாம், பட்டியல் சாதியைச் சேர்ந்தவரும் நிற்கலாம், ஆணும் நிற்கலாம். ‘இது பொது, உனக்கு இடமில்லை’ என்று ஒரு பெண்ணையோ பட்டியல் சாதிக்காரரையோ தடுத்தால் தடுப்பவர்தான் சட்டத்தை மீறுகிறார்.

2016 திருத்தத்துக்குப் பிறகு பெண்களுக்கு 50 சதவீதம். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு மக்கள்தொகை விகிதப்படி ஒதுக்கீடு. அந்த ஒதுக்கீட்டுக்குள்ளும் பெண்களுக்குப் பங்கு உண்டு. தமிழ்நாட்டில் சுழற்சி பத்தாண்டுக்கு ஒரு முறை, அதாவது அடுத்தடுத்து இரண்டு பதவிக்காலம் என்ற கணக்கு.

ஒதுக்கீடு பிடிக்காமல் தேர்தலையே நடத்தவிடாத ஊர்களும் இங்கே இருந்தன. மதுரை மாவட்டம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டம் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் 1996 முதல் பத்தாண்டு தலைவர் நாற்காலி நிலையாக நிரம்பவில்லை. மனுத்தாக்கல் செய்ய ஆள் வராது, வந்தவர் தேர்வான கையோடு ராஜினாமா செய்வார். 2006 அக்டோபரில்தான் அங்கே முறையான தேர்தல் நடந்து தலைவர்கள் பொறுப்பேற்றார்கள். இடைப்பட்ட பத்து வருஷத்தில் நஷ்டப்பட்டது ஊர்தான்.

கே: வார்டு உறுப்பினராக நிற்க ஆசை. வயது 22. என்னென்ன வேண்டும், மனு எதனால் தள்ளுபடி ஆகும்?
– வி., அரியலூர் மாவட்டம்

ப: வயது 21 நிரம்பியிருந்தால் போதும். உங்கள் பெயர் அந்த ஊராட்சியின் பட்டியலில் எந்த வார்டில் இருந்தாலும், அதே ஊராட்சியின் வேறு வார்டில் நிற்கலாம். ஆனால் உங்களை முன்மொழிபவர் நீங்கள் நிற்கிற வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். தள்ளுபடியாகும் மனுக்களில் இது அடிக்கடி வரும் காரணம்: சித்தப்பாவை முன்மொழியச் சொல்லியிருப்பார்கள், சித்தப்பா பெயர் அடுத்த வார்டில் இருக்கும். வரிசை எண்ணைப் பட்டியலைப் பார்த்து எழுதுங்கள், நினைவிலிருந்து எழுத வேண்டாம்.

2019-இல் வைப்புத்தொகை வார்டு உறுப்பினருக்கு 200 ரூபாய், தலைவருக்கும் ஒன்றியக் கவுன்சிலருக்கும் 600, மாவட்டக் கவுன்சிலருக்கு 1,000. பட்டியல் சாதி, பழங்குடியினருக்குப் பாதி. ஒதுக்கீட்டு இடமென்றால் சாதிச் சான்றிதழ் கட்டாயம்.

ஊராட்சிக்கு வீட்டுவரி, குடிநீர்க் கட்டணம் பாக்கி இருந்தால் முதலில் கட்டி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கேட்பு அறிவிப்புக் கொடுத்தும் கட்டாத பாக்கி தகுதியிழப்புக்குக் காரணமாகும். ஊராட்சியில் ஒப்பந்த வேலை எடுத்திருந்தாலும் சிக்கல். அது முடிவடையாமல் நிற்கக் கூடாது. அரசு ஊழியர் நிற்க முடியாது.

செலவு வரம்பு 2019-இல் வார்டு உறுப்பினருக்கு 9,000, தலைவருக்கு 34,000, ஒன்றியக் கவுன்சிலருக்கு 85,000, மாவட்டக் கவுன்சிலருக்கு 1,70,000 ரூபாய். முடிவு அறிவித்த 30 நாளுக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும். தோற்றவரும்தான். தோற்றோமே, இனி எதற்கு என்று விட்டுவிட்டு மூன்று ஆண்டு போட்டியிடத் தடை வாங்கியவர்கள் நிறையப் பேர்.

வார்டு உறுப்பினர் என்றால் சும்மா என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உறுப்பினர்கள்தான் தங்களுக்குள்ளிருந்து துணைத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊராட்சிக் காசோலையில் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

கே: திருப்பூரில் பத்து வருஷமாக வாடகை வீடு. ஊரில் சொந்த வீடு, நிலம் எல்லாம் இருக்கிறது, வரியும் கட்டுகிறேன். இரண்டு இடத்திலும் ஓட்டு வைத்துக்கொள்ளலாமா?
– எஸ்.எம்., திருப்பூர்

ப: கூடாது. ஓட்டுக்கும் சொத்துக்கும் தொடர்பில்லை. வழக்கமாக எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. வாடகை வீட்டுக்காரருக்கும் முழு உரிமை உண்டு, வீட்டு உரிமையாளரின் அனுமதி தேவையில்லை. படிவம் 8 கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு இடத்திலும் பெயரை வைத்துக்கொள்ளத் தெரிந்தே பொய்யான உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறைக்கு இடமுண்டு. சாதாரண வாக்காளருக்குத் தபால் ஓட்டும் கிடையாது.

கே: நான் போவதற்குள் என் ஓட்டை யாரோ போட்டுவிட்டார்கள். என்ன செய்வது?
– பி., வேலூர்

ப: சத்தம் போட்டுவிட்டுத் திரும்பி வராதீர்கள். அடையாள ஆவணத்தைக் காட்டி, தலைமை அலுவலரிடம் ‘டெண்டர் ஓட்டு’ கேளுங்கள். நீங்கள்தான் அந்த ஆள் என்று அவருக்குத் திருப்தியானால், வாக்குச்சீட்டுக் கொடுப்பார். அது பெட்டிக்குள் போகாது, இயந்திரத்திலும் ஏறாது. தனி உறையில் வைக்கப்படும். எண்ணிக்கையிலும் சேராது. வழக்கு வந்து நீதிமன்றம் கேட்டால்தான் திறப்பார்கள். அப்புறம் எதற்கு என்று கேட்கலாம். ஓரிரு ஓட்டில் முடிவாகிற வார்டுத் தேர்தலில் அந்த உறைதான் வழக்கின் ஆதாரம்.

ஆவணம் என்றதும் வாக்காளர் அட்டை மட்டும் நினைவுக்கு வர வேண்டாம். ஆதார், நூறு நாள் வேலை அட்டை, போட்டோ ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக், ஓட்டுநர் உரிமம், பான் அட்டை, பாஸ்போர்ட் ஆகியவையும் செல்லும்.

கே: உள்ளாட்சித் தேர்தலில் நோட்டா உண்டா?
– கே.ஆர்., கோவை

ப: 2019-இலும் 2022-இலும் இல்லை. 2022-இல், யாருக்கு ஓட்டு விழுந்தது என்று சீட்டில் காட்டும் ஒப்புகைச் சீட்டு இயந்திரமும் இல்லை.

கே: இரண்டு பேருக்கும் சமமான ஓட்டு வந்தால்?
– எல்., நாகப்பட்டினம்

ப: குலுக்கல். தேர்தல் நடத்தும் அலுவலர் சீட்டு எழுதிப் போட்டு எடுப்பார். யார் பெயர் வருகிறதோ அவருக்கு ஒரு ஓட்டு கூடுதலாக விழுந்ததாகக் கணக்கு. அதற்கு முன் மறு எண்ணிக்கை வேண்டுமென்றால், முடிவை அறிவிப்பதற்குள் காரணத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டும். அறிவித்த பிறகு அந்த அலுவலர் கையில் ஒன்றுமில்லை. ஊராட்சித் தேர்தல் என்றால் முடிவு வெளியான 45 நாளுக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் தேர்தல் மனுப் போடுவதுதான் வழி.

கே: பதவிக்காலம் முடிந்து தேர்தலும் வரவில்லையென்றால் ஊராட்சியை யார் நடத்துவார்கள்? குடிநீர் வரவில்லை என்று யாரிடம் போவது?
– என்.வி., சேலம் மாவட்டம்

ப: தனி அலுவலர். கிராம ஊராட்சிக்கு அது வட்டார வளர்ச்சி அலுவலர்தான். 2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்த பிறகு, 2019 டிசம்பர் வரை மூன்று ஆண்டுக்கு மேல் அப்படித்தான் ஓடியது. அந்தத் தேர்தலும் 27 மாவட்டங்களுக்கு மட்டும்; காஞ்சிபுரம், செங்கல்பட்டு, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருநெல்வேலி, தென்காசி ஆகிய ஒன்பதுக்கு 2021 அக்டோபரில். உங்கள் மாவட்டம் முதலில் தேர்தல் நடந்த 27-இல் ஒன்று. அங்கே பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள்.

அரசியல் சாசனம் ஐந்தாண்டு என்று சொல்கிறது, அது முடிவதற்குள் அடுத்த தேர்தல் முடிந்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. மீறினால் ஊருக்கு நேரடியாக வலிக்கும் இடம் ஒன்று உண்டு: தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத காலத்தில் மத்திய நிதிக் குழு மானியம் நின்றுவிடும். முந்தைய இடைவெளியில் நின்றது.

குடிநீர்ப் புகாரை முதலில் ஊராட்சிச் செயலரிடம் எழுத்தில் கொடுத்து, நகலைத் தனி அலுவலருக்கு அனுப்புங்கள். ஒரு அலுவலர் பல ஊராட்சிகளைப் பார்ப்பதால் வாய்ச்சொல் நிற்காது. மன்றம் இல்லாவிட்டாலும் கிராம சபை உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள். உங்கள் குழாய்ப் பிரச்சினையைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடும் முன், நீங்கள் சொன்னது பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள். வெற்றுப் பக்கத்தில் முதலில் கையெழுத்தை வாங்கிக்கொண்டு தீர்மானத்தைப் பிறகு எழுதுகிற பழக்கம் இன்னும் போகவில்லை.